சிறைவாசத்திலும் தவக்குல்

சோதனை வரும்போது முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். அதற்குச் சான்றாக மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களை நினைவுகூர்கிறோம்.

1888ல் புனித மக்காவில் பிறந்த மௌலானா அவர்கள், திருக்குர்ஆனுக்கு உருதுவில் விரிவுரை எழுதிய பேரறிஞர். 1942 ஆகஸ்டில் அவர்கள் பம்பாய் புறப்பட்டபோது, உடல்நலம் குன்றியிருந்த மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தா இல்லத்தின் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஆகஸ்ட் 9 அன்று மௌலானா கைதாகி, அகமதுநகர் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். 1943ல் மனைவியின் நோய் முற்றிய செய்தி வந்தது. வேண்டுகோள் இருந்தால் அரசுக்கு அனுப்பச் சிறை அதிகாரி முன்வந்தும், அந்நிய ஆட்சியிடம் எதையும் கேட்க மௌலானா இசையவில்லை. அன்றாட ஒழுங்கையும் மாற்றவில்லை. ஏப்ரலில் அம்மையார் வஃபாத்தானார்கள்.

வெளித்தோற்றத்தில் அமைதி காக்க உள்ளத்தில் எவ்வளவு போராட நேர்ந்தது என்பதைத் தம் சிறை மடல்களில் மௌலானா ஒளிக்காமல் எழுதியுள்ளார்கள். பொறுமை என்பது கல்நெஞ்சம் அன்று. அருமை மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நம் நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் சிந்தினார்கள்.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பிய மௌலானா, இல்லம் செல்லுமுன் மனைவியின் கப்ரை ஜியாரத் செய்து ஃபாத்திஹா ஓதினார்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, பெற்றோரின் ஜனாஸாவில் கலந்துகொள்ள இயலாமற்போன சகோதரர்கள் பலர். அவர்கள் அழுவது ஈமானின் குறைவன்று. இருக்கும் இடத்திலிருந்தே துஆச் செய்து, எஞ்சியதை ரப்பிடம் ஒப்படைப்பார்களாயின் உள்ளம் அமைதி பெறும். அத்தகைய உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.