பெயரை மறைத்த பெருந்தகை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சில்வர் புரோமைடு ஒளி பட்டால் சிதையும் என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அந்த ஒரு வினையைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றிப் பின்னர் அறிந்தேன். அவர்தாம் ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

1854ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் வீட்டில் ஆட்களைத் தங்க வைத்து, உணவளித்துக் குடும்பத்தைக் காத்தார். வறுமையால் சிறுவயதிலேயே பள்ளியை விட்ட ஈஸ்ட்மன், வாரம் 3 டாலர் சம்பளத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பின்னர் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தர் ஆனார்.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் உலருமுன் படம் எடுத்தாக வேண்டும். வெளியூர் சென்றால் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் சுமக்க வேண்டும். இத்தொல்லையை நீக்க ஈஸ்ட்மன் முனைந்தார். பகலில் வங்கி வேலை. இரவில் தாயாரின் சமையலறையில் ஆராய்ச்சி. மூன்றாண்டு உழைப்பின் பயனாக, உலர் தகடுகளைச் செய்யும் இயந்திரத்தை அமைத்தார். ஒருமுறை விற்ற தகடுகள் பழுதாகிவிட, நட்டத்தைப் பாராமல் மாற்றிக் கொடுத்தார்.

1888இல் கோடக் காமிரா 25 டாலருக்கு வந்தது. நூறு படங்கள் எடுத்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால் போதும். அங்கே கழுவித் தருவார்கள். 1900இல் வந்த பிரௌனி காமிராவின் விலை ஒரே டாலர். சிறுவர்களும் படம் எடுக்கத் தொடங்கினர்.

1912இல் மாசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய கட்டடங்களுக்கு ஒருவர் 25 இலட்சம் டாலர் வழங்கினார். திருவாளர் ஸ்மித் என்று மட்டுமே அறிவித்தார்கள். சார்லஸ் ஆற்றங்கரையில் கட்டடங்கள் எழுந்தன; மாணவர்கள் அங்கே படித்தனர்; தந்தவர் யாரென்று அவர்கள் அறியவில்லை. ஈஸ்ட்மன்தான் அந்த ஸ்மித் என்பது 1920இல்தான் வெளிப்பட்டது. கறுப்பின மாணவர்கள் பயின்ற டஸ்கிகீ, ஹாம்ப்டன் கல்வி நிலையங்களுக்கும் அவர் வாரி வழங்கினார். 1932இல் மறைந்தார்.

கல்லூரியில் படிக்காத ஒருவர், முகம் தெரியாத மாணவர்களுக்குக் கல்லூரி கட்டித் தந்தார்! இதை எண்ணும்போது என் தந்தையார் நினைவு வருகிறது. என் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தவர் அவர். அவர் தந்த பணத்துக்கும் எங்கும் கல்வெட்டு இல்லை. பட்டம் பெறும் நாளில் நான் எடுத்துக்கொள்ளும் படத்தில் அவரை நடுவில் அமர்த்துவேன். பெயர் சொல்லாமல் கொடுத்தவர்களின் முகத்தையாவது நாம் மறவாதிருப்போமாக!