எலும்பிலிருந்து படிகம் கண்ட ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய்

வேதியியலை இந்நாட்டில் கல்வியாகவும் தொழிலாகவும் வேரூன்றச் செய்த பெருமகனார் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய். 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில், நிலவுடைமைக் குடும்பமொன்றில் தோன்றினார். கில்கிறிஸ்டு உதவித்தொகை பெற்று 1882இல் பிரிட்டன் சென்றவர், எடின்பரோவில் தாமிரம், மக்னீசியம் வகை உலோகங்களின் இரட்டைச் சல்பேட்டு உப்புக்களை ஆராய்ந்து 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். உப்பைக் கரைப்பதும், ஆறவிடுவதும், விளைந்த படிகத்தைப் பிரித்தெடுப்பதும் இத்தகைய ஆய்வின் அன்றாட வேலைகள். நம் ஆர்.கே.பேட்டை மாணவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தப் படிகம் வளர்ப்பதும் இதே முறையில்தான்.

இனி ஒரு துளியும் கரையாது என்னும் நிலையை எய்திய நீரைத் தெவிட்டிய கரைசல் என்பர். சூடாக இருக்கையில் அது பெரும்பாலான உப்புக்களை மிகுதியாக ஏற்கும். ஆறும்போது தாங்கவியலாத மிகுதி படிகமாக வெளிப்படும். பாகிலிருந்து கற்கண்டு திரள்வதும் இவ்வாறே. ஆயினும் எல்லா உப்பும் ஒரே தன்மையன அல்ல. 100 கிராம் நீரில் சமையல் உப்பு 20 டிகிரியில் 36 கிராமும், 60 டிகிரியில் 37 கிராமுமே கரையும். ஆறவைத்துப் பயனில்லை, ஆதலின் தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலால் நீரையே வற்றச் செய்கின்றனர். சோடியம் பாஸ்பேட்டோ 20 டிகிரியில் 8 கிராம் அளவே கரையும். 60 டிகிரியில் 80 கிராமுக்கும் மேல் கரையும்.

இந்தச் சோடியம் பாஸ்பேட்டு அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்த மருந்து. 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரான ராய், அதை இங்கேயே செய்யத் துணிந்தார். கசாப்புக் கடைகளிலிருந்து எலும்புகளை வாங்கித் தம் வாடகை வீட்டு மாடியில் உலர்த்தினார். மழை பெய்து அவை நாறின. அண்டை வீட்டார் முறையிட்டனர். எலும்பையும் தோலையும் கையாண்டோரைத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கிய சமுதாயம் அது! பேராசிரியர் பின்வாங்கவில்லை, எலும்புகளை மாணிக்தலாவுக்கு மாற்றினார். எலும்பைச் சாம்பலாக்கி, கந்தக அமிலமும் பின்னர்ச் சோடாவும் சேர்த்து, கரைசலைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட, தூய வெண்படிகங்கள் விளைந்தன. 1892இல் சுமார் 700 ரூபாய் முதலில் தொடங்கிய அவர் தொழிலகம், 1901இல் பெங்கால் கெமிக்கல் கம்பெனியாயிற்று.

1896இல் அவர் வெளியிட்ட மெர்குரஸ் நைட்ரைட்டு, பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலம் சூடின்றி வினைபுரிகையில் கிடைத்த மஞ்சள் படிகமாகும்.

1902இல் வெளிவந்த இந்து வேதியியல் வரலாற்றின் முதற்பகுதியில் அவர் கூறிய கருத்தை நம் இளைஞர் அறிதல் வேண்டும். சாதி முறையால் கைத்தொழில்கள் தாழ்ந்தோர்க்குரியவை என ஒதுக்கப்பட்டன. கற்றோர் கையும் தொழிலும் பிரிந்தன. அதனால் அறிவியல் தேய்ந்தது என்று அவர் எழுதினார். இதை எலும்பைத் தொட்டவர் எழுதினார் என்பதே அதன் வலிமை.

மணம் புரியாது வாழ்ந்தார். 1921இல் அறுபது வயதானதும் தம் ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்திற்கே அளித்துவந்து, 1936இல் ஓய்வு பெற்றார். அறிவியல் கல்லூரியில் தாம் தங்கியிருந்த அறையிலேயே 1944 ஜூன் 16இல் மறைந்தார்.