மறதியை அளந்த அறிஞர்

நேற்றுப் பிழையின்றி ஒப்பித்த பாடம் இன்று பாதி மறந்துபோதல் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. ஆயின், மறந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று எவரேனும் வினவினால் விடை கூறுதல் அரிது. நெல்லை மரக்காலால் அளக்கலாம். ஆடையை முழக்கோலால் அளக்கலாம். உள்ளத்துள் மறைந்து கிடக்கும் நினைவை எதனால் அளப்பது? இவ்வினாவிற்கு விடை காணும்பொருட்டுத் தம் உள்ளத்தையே ஆய்வுக்களமாக்கிக்கொண்ட அறிஞர் ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஹெர்மன் எபிங்கௌஸ். மாந்தர் அறியுமாற்றையும் நினையுமாற்றையும் ஆராயும் அறிதல் அறிவியலைக் கல்லூரியிற் பயிலப்புகும் மாணவர், நினைவைப்பற்றிய பகுதியில் முதற்கண் காணும் பெயர் பெரும்பாலும் அவருடையதே ஆகும்.

எபிங்கௌஸ் 1850 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24 ஆம் நாள் ரைன் ஆற்றுப் பகுதியைச் சார்ந்த பார்மென் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு வணிகர். மைந்தர் வணிகத்தை நாடாது கல்வியை நாடினார். பதினேழாம் அகவையில் பான் நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்து வரலாறும் மொழிநூலும் கற்கத் தொடங்கினார். நாளடைவில் மெய்ப்பொருள் நூலில் அவர்தம் உள்ளம் தோய்ந்தது. ஹாலே, பெர்லின் ஆகிய நகரங்களிலும் பயின்றார். 1870 ஆம் ஆண்டில் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டபோது படையிற் சேர்ந்து பணிபுரிந்தார். போர் முடிந்தபின் கல்வியைத் தொடர்ந்து 1873 ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டி வாழ்ந்தார்.

அக்காலத்தே பாரிசு நகரில் பழைய புத்தகங்கள் விற்கும் கடை ஒன்றில் அவர் கைக்கு ஒரு நூல் கிடைத்ததென்பர். அஃது ஃபெக்னர் என்னும் பேரறிஞர் 1860 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூல். கையில் ஏந்திய எடை எவ்வளவு மிகுந்தால் அம்மிகுதியை மனம் உணரும், விளக்கொளி எவ்வளவு கூடினால் கண் அதனை அறியும் என்றெல்லாம் சோதித்துப் பொருளுக்கும் புலனுணர்வுக்கும் உள்ள தொடர்பினைக் கணக்காற் காட்டியிருந்தார் ஃபெக்னர். புலனுணர்வினை எண்ணால் அளத்தல் கூடுமாயின் நினைவினையும் ஏன் அளத்தல் கூடாது என்னும் எண்ணம் எபிங்கௌஸ் உள்ளத்தில் வித்தாக விழுந்தது.

இவ்வெண்ணத்தின் துணிவு எத்தகையது என்பதை அக்கால நிலையை அறிந்தாலன்றி உணர்தல் இயலாது. மனத்தைப்பற்றிய ஆராய்ச்சி ஒருபோதும் கணக்கும் சோதனையும் பொருந்திய அறிவியல் ஆகாது என்று பெருந்தத்துவ அறிஞராகிய கான்ட் முன்னரே முடிவு கூறிச் சென்றிருந்தார். 1879 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் உளவியற் சோதனைச்சாலை கண்ட வுண்ட் என்பவரும், நினைவு முதலிய உயர்ந்த மனச்செயல்கள் சோதனைக்கு அகப்படா என்றே கருதினார். எபிங்கௌசுக்கோ சோதனைச்சாலையும் இல்லை. வழிகாட்ட ஆசிரியரும் இல்லை. சோதனைக்கு உட்பட முன்வருவாரும் இல்லை. தாமே ஆய்வாளராய், தாமே ஆய்வுப்பொருளாய் அவர் தனித்துப் புகுந்தார்.

முதற்கண் எதனை மனப்பாடம் செய்வது என்னும் இடர் எழுந்தது. செய்யுளாயின் ஒருவரி எளிதாகவும் மற்றொரு வரி அரிதாகவும் இருக்கும். முன்னே அறிந்த சொல்லும் பொருளும் இடையே புகுந்து கைகொடுக்கும். அளக்கும் கோல் இடத்திற்கிடம் நீண்டும் குறுகியும் போமாயின் அளவு எங்ஙனம் மெய்யாகும்? ஆகவே, இருபுறமும் மெய்யெழுத்தும் இடையே உயிரெழுத்துமாகிய சிற்றசைகளை எபிங்கௌஸ் ஆக்கினார். நம் யாப்பிலக்கணத்தின்படி அவற்றை ஒற்றடுத்து வந்த நேரசைகள் எனலாம். பெரும்பாலும் பொருளற்ற இவ்வசைகள் ஏறத்தாழ 2300 திரண்டன. அவற்றைக் கலந்து கைக்கு வந்தபடி எடுத்து வரிசைகளாக அமைத்துக்கொண்டார்.

சோதனையை 1879, 1880 ஆம் ஆண்டுகளிற் செய்தார். 1883, 1884 ஆம் ஆண்டுகளில் மீண்டும் செய்து சரிபார்த்தார். அதற்கென அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு கடுமையானது. கடிகாரத்தின் ஒலிக்கு இயைய நிமிடத்திற்கு 150 அசை வீதம் ஒரே சீராகப் படித்தல் வேண்டும். ஏறக்குறைய ஒரே பொழுதில் சோதனைக்கு அமர்தல் வேண்டும். அசைகளுக்கு வலிந்து பொருள் கற்பித்து நினைவிலிருத்தும் உபாயம் கூடாது. வாழ்க்கை முறையில் பெரிய மாறுதல் எதுவும் நேராவண்ணம் காத்தல் வேண்டும். எத்தனை முறை படித்தார் என்பதைக் கயிற்றிற் கோத்த மரக்குமிழ்களைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டார். பதினாறு அசை கொண்ட ஆறு வரிசைகளை 64 முறை திரும்பத் திரும்பப் படித்த நாள்களில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிவில் தலைவலியும் பெருஞ்சோர்வும் வந்துற்றன. பயனற்ற ஒலிகளை இங்ஙனம் ஆண்டுக்கணக்கில் உருவேற்றும் ஒருவரைக் கண்டோர் என்ன எண்ணியிருப்பார்களோ!

இனி, அளக்கும் வழியைக் காண்போம். இதுவே அவர்தம் நுண்ணறிவிற்குச் சான்று. நினைவில் உள்ளதைச் சொல் என்றால், சொல்ல வருவது மட்டும் வெளிப்படும். சொல்ல வாராது அடியிற் கிடப்பது தெரியாது. ஆதலின் அவர் மறந்த வரிசையை மீண்டும் கற்றார். முதன்முறை கற்க 1000 நொடி ஆகி, மறுமுறை கற்க 400 நொடி ஆயின் மிச்சப்பட்டது 600 நொடி. அதாவது நூற்றுக்கு 60 பங்கு. அம்மிச்சமே உள்ளத்துள் எஞ்சிய நினைவின் அளவு. அறவே மறந்துபோயிற்று என நாம் கைவிட்டதும் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதை இவ்வழி புலப்படுத்திற்று.

பதின்மூன்று அசை கொண்ட எட்டு வரிசைகளைப் பிழையற ஒப்பிக்கும்வரை கற்பார். குறித்த காலம் கழிந்தபின் மீண்டும் கற்பார். இங்ஙனம் கண்ட முடிவு வியப்பிற்குரியது. ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்தபோது எஞ்சியது நூற்றுக்கு 58. ஒருமணி கழிந்தபோது 44. ஒன்பது மணியளவில் 36. ஒருநாள் சென்றபின் 34. ஆறு நாளுக்குப்பின் 25. முப்பத்தொரு நாளுக்குப்பின் 21. முதல் ஒருமணிக்குள் பாதிக்குமேல் கைவிட்டுப் போகின்றது. பின்னர் எஞ்சியதோ ஒரு திங்கள் கழிந்தும் எளிதில் நீங்குவதில்லை. விரைந்து சரிந்து பின் மெல்லத் தாழும் இக்கணக்கே மறதிக்கோடு என இன்று வழங்கப்பெறுகிறது.

வேறு உண்மைகளும் வெளிப்பட்டன. ஏழு அசை கொண்ட வரிசை ஒருமுறை படித்த அளவில் அவருக்கு மனப்பாடமாயிற்று. பன்னிரண்டு அசைக்கோ 16 முறைக்குமேல் படிக்க வேண்டியதாயிற்று. ஐந்தே அசை கூட, உழைப்புப் பதினாறு மடங்கிற்குமேல் ஏறியதைக் காண்க. பன்னிரண்டு அசை வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்தமையால் விளைந்த பயன், மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்தமையாலேயே கிட்டிற்று. தேர்வின் முன்னாளிரவு விழித்துப் படிப்போர் இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் இயற்றிய டான் ஜுவான் என்னும் காவியத்தையும் அவர் சோதனைக்கு எடுத்தார். எண்பது அசை கொண்ட ஒரு பாட்டு ஏறத்தாழ 9 முறை படித்த அளவில் மனத்திற் பதிந்தது. அத்துணைப் பொருளற்ற அசைகளுக்கோ 70 முதல் 80 முறை வேண்டும் எனக் கணக்கிட்டார். பொருளும் ஓசையும் கூடியவழி உழைப்புப் பத்திலொன்றாயிற்று. இளமையில் நிகண்டும் நன்னூலும் நெட்டுருச் செய்த எம்போல்வார்க்கு இது புதுமையன்று. எதுகையும் மோனையும் எம்மைக் கைப்பிடித்து நடத்தியதை நாம் அறிவோம். ஆயினும் அறிந்திருத்தல் வேறு, அளந்து காட்டுதல் வேறு.

இவற்றையெல்லாம் நினைவைப் பற்றிய ஒரு நூலாக 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒருவர் உள்ளத்தில் மட்டும் கண்டது எல்லார்க்கும் பொருந்துமோ என்னும் ஐயம் நேரியதே. அக்குறையை அவரும் அறிந்திருந்தார். மறுவாண்டே பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் நிலை கிட்டிற்று. ஆயினும் 1894 ஆம் ஆண்டில் அங்கே தலைமைப் பேராசிரியர் பதவி ஸ்டம்ப் என்பாருக்குச் சென்றது. எபிங்கௌஸ் வெளியிட்ட நூல்கள் மிகச் சிலவே என்பது காரணமாகக் கூறப்படுகிறது. பல்லாண்டு உழைத்துச் சிறுநூல் ஒன்று தந்தவரை ஏட்டின் எண்ணிக்கையால் அளந்தது முறைதானா என்பதை யாம் ஆராயப் புகவில்லை. அவர் ப்ரெஸ்லௌ நகருக்குச் சென்றார்.

அந்நகரில், ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடக்கும் பள்ளி பிள்ளைகளைக் களைப்படையச் செய்கின்றதா என்னும் வினா எழுந்தது. அதற்காக, இடையிடையே சொல்லும் எழுத்தும் விடுபட்ட பத்தியைத் தந்து நிரப்பச் சொல்லும் சோதனை ஒன்றை அமைத்து 1897 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோடிட்ட இடங்களை நிரப்புக என்று இன்று வினாத்தாளிற் காணும் பகுதிக்கு அஃது உறவுடையது. ஒரே அளவுள்ள வட்டம் பெருவட்டங்களிடையே சிறிதாகவும் சிறுவட்டங்களிடையே பெரிதாகவும் தோன்றும் கண்மயக்கமும் அவர் பெயரால் வழங்குகிறது.

1905 ஆம் ஆண்டில் ஹாலே பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1909 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26 ஆம் நாள் நுரையீரல் அழற்சி நோயால், ஐம்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். எழுதிக்கொண்டிருந்த உளவியற் பெருநூலின் இரண்டாம் பகுதி முற்றுப்பெறாது நின்றது. பிறரொருவர் அதனை முடித்தார்.

2015 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அப்பழைய சோதனையை மீண்டும் நிகழ்த்தி முடிவை வெளியிட்டனர். அவ்விருவருள் ஒருவர், எபிங்கௌஸ் போலவே தம்மையே சோதனைப்பொருளாக்கி, 70 மணி நேரம் பொருளற்ற அசைகளை உருவேற்றியிருந்தார். அவருக்குக் கிடைத்த மறதிக்கோடு, 130 ஆண்டுகளுக்கு முன் கடிகார ஒலியின் துணையோடு தனித்திருந்து ஒருவர் வரைந்த கோட்டினைப் பெரும்பாலும் ஒத்திருந்தது.