ராணுவ ஆள்சேர்ப்புக் கணக்கில் 2,000 பேரின் பொய்யைக் கண்டுபிடித்தவர்: பிஎம்ஐ-க்கு வித்திட்ட கெட்லே யார்?

ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் உயரம், எடை பார்த்து, 'பிஎம்ஐ 26, அதிக எடை' என்று ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள். அன்று மதியம் பிரியாணி இறங்கியிருக்காது, இல்லையா?

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் டாக்டரே இல்லை. அவர் ஒரு வானியலாளர். ராணுவத்துக்கு வந்த இளைஞர்களின் உடல் அளவுகளை வைத்து முக்கியமான ஆய்வுகள் செய்தவர். பெயர் அடோல்ஃப் கெட்லே.

வானத்தில் இருந்து மனிதனுக்கு

1796-ல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அப்பாவை இழந்தார். 1819-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் அமைக்க விரும்பி, வானியல் கற்க 1823-ல் பாரிஸ் போனார். நிகழ்தகவுக் கணிதமும் அங்கேதான் அவருக்கு அறிமுகமானது.

ஒரே நட்சத்திரத்தின் இடத்தை நூறு முறை அளந்தால் விடைகள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பெரும்பாலானவை நடுவில் குவியும், ஓரங்களில் குறையும். வரைந்து பார்த்தால் மணி மாதிரி இருக்கும். மனித உடலும் இப்படித்தானா என்று கெட்லே யோசித்தார்.

அதைச் சோதிக்க, ஆயிரக்கணக்கானோரை அளந்து எழுதிய பதிவு வேண்டும். அந்தக் காலத்தில் அது ராணுவத்திடம்தான் இருந்தது. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்பளவை எடுத்துப் பார்த்தார். சராசரி 40 அங்குலத்தை ஒட்டி வந்தது. அதே மணி வடிவமும் கிடைத்தது.

157 செ.மீ. மர்மம்

அடுத்து பிரான்ஸ். அங்கே கட்டாய ராணுவச் சேவைக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். வசதியானவர் காசு கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம். காசு இல்லாதவருக்கு இருந்த சில வழிகளில் ஒன்று, 157 செ.மீ.க்குக் குறைவான உயரம். அப்படி இருந்தால் விலக்கு உண்டு.

சுமார் 1 லட்சம் பேரின் உயரப் பட்டியலை கெட்லே ஆராய்ந்தார். கணக்குப்படி வரவேண்டியதைவிட 157-க்குக் கீழே சுமார் 2,200 பேர் கூடுதலாக இருந்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள் குறைந்தார்கள். விலக்கு வாங்க உயரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பேர் ஏமாற்றினார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. அவர்களில் ஒருவரைக்கூட 'இவர்தான்' என்று காட்ட முடியவில்லை. சராசரி கூட்டத்தைப் பற்றித்தான் பேசும்.

பிஎம்ஐ-யும் அப்படித்தான்

பெரியவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று 1830-களில் அவர் எழுதினார். மக்கள் தொகையின் உடலமைப்பை விவரிக்கத்தான் அந்தக் கணக்கு; ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. 1972-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் குழுவினர் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தார்கள்.

1855-ல் பக்கவாதம் தாக்கிய பிறகும் வேலையை விடாத கெட்லே, 1874-ல் பிரஸ்ஸல்ஸில் காலமானார்.

இன்றைய வரிசை

நம் ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் முதலில் ஆன்லைன் தேர்வு. அதில் தேறினால் ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டம், புல்-அப்ஸ், உடல் அளவுகள். கடைசியில் மருத்துவப் பரிசோதனை. பொதுப் பணிப் பிரிவுக்குத் தமிழ்நாட்டு இளைஞருக்கு 166 செ.மீ. உயரம் வேண்டும். மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும்.

அன்று பிரான்சில் வேண்டாம் என்று குனிந்தார்கள். இங்கே வேலை கிடைக்காதா என்று குதிகாலை எக்கி நிற்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வரும்போது எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் 165-ல் திரும்பிப்போகும் தம்பியின் தைரியத்தையோ உழைப்பையோ அந்த ஒரு சென்டிமீட்டர் அளக்கவில்லை.

அடுத்த முறை பிஎம்ஐ சீட்டு கையில் வந்தால் கிழித்துப் போட வேண்டாம், பதறவும் வேண்டாம். இடுப்பளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்து டாக்டரிடம் கேளுங்கள்.