எம்.ஏ. அரசியல் படித்த அண்ணா, ராயபுரம் மழையில் கட்சி தொடங்கியது ஏன்?

பொலிடிக்கல் சயின்ஸ் எடுக்கிறேன் என்று சொன்னால் இன்றைக்கும் வீட்டில் வரும் முதல் கேள்வி, படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போவ என்பதுதான். ஐ.ஏ.எஸ்.ஸா, வக்கீலா, இல்லை சும்மா ஒரு டிகிரியா? கிட்டத்தட்ட 90 வருடங்களுக்கு முன்னால் இதே பாடத்தைப் பொருளாதாரத்தோடு சேர்த்துப் படித்துவிட்டு, தெருமுனைக்குப் போனார் ஒருவர். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. நமக்கெல்லாம் அண்ணா.

அவர் முதலமைச்சரான கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் படிப்பை அவர் என்ன செய்தார் என்பதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. அதன் முக்கியமான அத்தியாயம் வடசென்னையில் நடந்தது.

தறிக்கார ஊரிலிருந்து சைனா பஜார் வரை

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தார். வளர்த்தவர் சின்னம்மா இராசாமணி அம்மாள். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. வசதியான வீடு இல்லை. பள்ளிப் படிப்பின்போது காசு பற்றாமல் காஞ்சிபுரம் நகராட்சியில் சில மாதம் எழுத்தர் வேலை பார்த்தார். அப்படியே அந்த நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு நல்ல ஹெட் கிளார்க் கிடைத்திருப்பார்!

ஆனால் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் கல்லூரி அப்போது அங்கே இல்லை. 1940 வரை அது ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், சைனா பஜாரில் இயங்கியது. இப்போதைய என்.எஸ்.சி. போஸ் சாலை. கிழக்கே கொஞ்சம் நடந்தால் துறைமுகம், வடக்கே போனால் ராயபுரம். அரசு என்றால் என்ன, வரி யாருக்குப் போகிறது என்று வகுப்பில் படித்துவிட்டு வெளியே வந்தால், மூட்டை சுமக்கிறவர்களும் வண்டி இழுக்கிறவர்களும் கண்ணில் படுகிற இடம் அது.

மாணவராக இருந்தபோதே, 1930-ல், ராணி அம்மையாருடன் திருமணம். 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ், பிறகு பொருளாதாரம் - அரசியலில் எம்.ஏ. கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர் வேலையும் பார்த்தார். அந்தக் காலத்தில் எம்.ஏ. என்பது சாதாரண விஷயம் இல்லை. பிற்காலத்தில் போஸ்டர்களில் அவர் பெயருக்குப் பின்னால் தவறாமல் அந்த இரண்டு எழுத்துகளைப் போட்டது சும்மா பந்தாவுக்காக அல்ல என்றே தோன்றுகிறது. நம்மைப் போன்ற வீட்டிலிருந்து ஒருவர் அதைப் படித்திருக்கிறார் என்பதே கூட்டத்துக்கு ஒரு செய்தி.

முதல் பரீட்சையில் தோல்வி

1934-ல் திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. நீதிக்கட்சியில் சேர்ந்தார். பத்திரிகை வேலை செய்தார். வடசென்னையை ஒட்டிய பெத்துநாயக்கன்பேட்டையில் மாநகராட்சித் தேர்தலில் நின்றார், தோற்றார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்று எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் வரும். மூட்டை தூக்குகிறவர், மில்லில் வேலை செய்கிறவரில் பெரும்பாலானோர் பட்டியலுக்கு வெளியே. நீதிக்கட்சியும் ஜமீன்தார்களும் பணக்காரர்களும் நிறைந்த கட்சியாகத்தான் இருந்தது. 1937 தேர்தலில் அது காங்கிரஸிடம் படுதோல்வி அடைந்தது.

அடுத்து வந்த ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க, 1938-ல் போராட்டம் வெடித்தது. அண்ணா சிறை சென்றார். அதே போராட்டத்தில் கைதாகி 1939-ல் உயிரிழந்த நடராசன், தாளமுத்து இருவரும் அடக்கம் செய்யப்பட்டது வடசென்னை மூலக்கொத்தளத்தில். அரசியல் என்பது மேட்டுக்குடி விவாதம் என்ற நிலை இந்தப் பகுதியில் மாறத் தொடங்கியது ஏறத்தாழ அப்போதுதான்.

1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அதற்கான தீர்மானம் அண்ணாவின் பெயரில் வந்தது. பட்டம், பதவி எல்லாம் வேண்டாம் என்றது அந்தத் தீர்மானம்.

மழையில் ஒரு வகுப்பறை

பெரியாரோடு உரசல் 1947-லேயே தெரிந்தது. ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை ஏற்கவில்லை. 1949-ல் பெரியார் - மணியம்மை திருமணத்தையொட்டி பிளவு முற்றியது. ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெருவில் கூடிப் பேசி, செப்டம்பர் 17-ல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. அதன் தொடக்கக் கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது. தலைவர் பதவி பெரியாருக்காகக் காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளர் மட்டும்.

மழையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காலண்டர். அந்தக் கூட்டம் நடந்து இரண்டே மாதத்தில், நவம்பர் 26-ல், அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. அந்தப் பூங்காவில் நனைந்துகொண்டு நின்றவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டு வரப்போகிறது. அரசியல் படித்த ஒருவருக்கு இதன் கனம் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனாலும் கட்சி 1952 தேர்தலில் நிற்கவில்லை. அவசரப்படாமல் ஆள் தயார் செய்தது. படிப்பகங்கள், டீக்கடைகள், சலூன்கள் என்று எங்கும் பத்திரிகை ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். வடக்கின் மூலதனம் தெற்கை எப்படி ஆள்கிறது என்று 'பணத்தோட்டம்' கட்டுரைகளில் அண்ணா ஏற்கனவே எழுதியிருந்தார். தம்பிக்கு எழுதிய கடிதங்களில் உலக அரசியல் வீட்டுப் பேச்சு மாதிரி வந்தது. வேலைக்காரி, ஓர் இரவு போன்ற நாடகங்கள் தனி. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதைக்கூட 1956 திருச்சி மாநாட்டில் வந்தவர்களிடமே வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தார்கள்.

1957-ல் அண்ணா காஞ்சிபுரத்தில் வென்றார். 1959-ல் சென்னை மாநகராட்சி தி.மு.க. கைக்கு வந்தது. 1962-ல் கட்சி 50 இடம் பிடித்தது, ஆனால் சொந்த ஊரில் அண்ணா தோற்றார்.

கைவிட்ட கோரிக்கை

1963-ல் வந்தது 16-வது அரசியல் சட்டத் திருத்தம். தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும். தனித் திராவிட நாடு கேட்கும் கட்சி இனி தேர்தல் பக்கமே வர முடியாது. கோரிக்கையா, கட்சியா? அண்ணா கோரிக்கையைக் கைவிட்டு, மாநில சுயாட்சி என்ற இடத்துக்கு நகர்ந்தார். பயந்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. ஓட்டு வந்த மக்களை ஓட்டே போட முடியாத கட்சியின் பின்னால் நிறுத்துவதில் அர்த்தமில்லை என்று அவர் கணக்குப் போட்டார் என்பது என் வாசிப்பு. கேட்டதைச் சத்தமில்லாமல் மறந்துவிடாமல், கைவிட்டதை வெளிப்படையாகச் சொன்னது பெரிய விஷயம்.

1967-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 6-ல் முதலமைச்சர். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது, முன்பே நடந்தவற்றுக்கும் சேர்த்து. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். ஆனால் ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி சென்னை, கோவையைத் தாண்டி மாநிலம் முழுக்கப் போகவில்லை. கஜானா இடம் கொடுக்கவில்லை. மாநில அரசின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்ற பாடத்தை அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் முழுசாகப் படித்தார். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில்தான். அவரைப் பற்றிய எந்தக் கதையும் அதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

அதே ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சப் ஃபெல்லோஷிப் கொடுத்து அழைத்தது. சைனா பஜார் கல்லூரியில் படித்தவர், அங்கே மாணவர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சில மாதங்களில் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக மறுபடி அமெரிக்கா போக வேண்டியிருந்தது.

தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது. 20 நாளில், பிப்ரவரி 3-ல், அண்ணா காலமானார். வயது 59. முதலமைச்சராக இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. மழையில் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவுக்கு இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர்.