ஒரு ஓட்டை, ஒரு இருட்டறை, ஒரு தோற்றுப்போன இன்ஜினியர்

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் சொன்னது ஒன்று, செய்து முடித்தது இன்னொன்று என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அப்படி நின்றவர் இப்னு அல்-ஹைதம். அவருக்கு எதிரே இருந்தது எக்ஸ்டர்னல் இல்லை, எகிப்தின் கலீஃபா அல்-ஹாக்கிம். அங்கே மார்க் போகாது, தலையே போகும்!

965 வாக்கில் இன்றைய ஈராக்கின் பஸ்ராவில் பிறந்தவர். நைல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று அவர் சொன்னது கலீஃபா காதுக்குப் போக, கெய்ரோவுக்கு அழைப்பு வந்தது. ஆட்களோடு தெற்கே அஸ்வான் வரைக்கும் போனார். வழியெல்லாம் பழைய எகிப்தியர்களின் பிரம்மாண்டமான கட்டடங்கள். இவ்வளவு தெரிந்தவர்களே நைலைத் தடுக்கவில்லை என்றால் நம்மால் ஆகாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து ஒத்துக்கொண்டார். பிறகு கலீஃபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம் மாதிரி நடித்தார், 1021-ல் கலீஃபா மறையும் வரை வீட்டுக்காவலில் இருந்தார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன.

ஒளியியல் பற்றி 7 பாகங்களில் 'கிதாப் அல்-மனாஸிர்' எழுதினார். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் சொல்லியிருந்தார்கள். இவர் அதைத் திருப்பிப் போட்டார்: ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது.

சும்மா சொல்லவில்லை, செய்து பார்த்தார். ஓட்டைக்கு வெளியே வரிசையாக விளக்குகள், உள்ளே இருட்டறை. எத்தனை விளக்கோ அத்தனை வெளிச்சப் புள்ளிகள் சுவரில். ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் காணாமல் போகும். ஒரே ஓட்டையில் நுழைந்தாலும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, நேர்கோட்டில்தான் போகின்றன என்பதற்கு இதைவிட என்ன ப்ரூஃப் வேண்டும்?

கிரகணச் சூரியனின் பிறை, ஓட்டை சின்னதாக இருந்தால்தான் பிறையாக விழும். பெரிதானால் வடிவம் போய்விடும் என்றும் தனியாக ஒரு நூலில் விளக்கினார்.

கடைசிக் காலத்தில் கெய்ரோவில் நூல்களைப் படியெடுத்துப் பிழைத்து, 1040 வாக்கில் இறந்தார். அவருடைய ஒளியியல் லத்தீனுக்குப் போய், 1572-ல் பாசெல் நகரத்தில் அச்சானது.

அவர் செய்ததை நாமும் செய்யலாம். ஷூ பாக்ஸின் ஒரு முனையில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி ஊசியால் ஒரு துளை, எதிர்முனையில் பட்டர் பேப்பர். மொட்டை மாடிக்குப் போய், தலையோடு சேர்த்துக் கருப்புத் துணியால் போர்த்திக்கொண்டு பாருங்க: எதிர் மரம் தலைகீழாகத் தொங்கும். சூரியனை மட்டும் துளை வழியாக நேராகப் பார்க்காதீங்க. முதுகைக் காட்டி நின்று பேப்பரில் பாருங்க. 30 செ.மீ. பெட்டியில் அது சுமார் 3 மி.மீ. வட்டம்தான்.

பிறகு துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்க. படம் வெளிச்சமாகும், ஆனால் மங்கிப்போகும். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால், அவர் உட்கார்ந்த இடத்தில்தான் நீங்களும் உட்கார்ந்திருக்கீங்க.