குழந்தைகளின் தோட்டக்காரர்

நம் தம்பி தங்கையர் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குப் போகிறார்கள் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அதில் வரும் 'கே.ஜி.' எதைக் குறிக்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கமே அது. குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். இந்த அழகிய பெயரைச் சூட்டிய பெருமகனார் பிரெடெரிக் புரோபெல் ஆவார். அவருடைய வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

ஜெர்மனியில் துரிங்கியா என்னும் மலைநாட்டில், ஓபர்வைஸ்பாக் என்ற சிற்றூரில், 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் புரோபெல் பிறந்தார். தந்தையார் லுத்தரன் சபைப் போதகர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாயார் இறந்துவிட்டார். பின்னர் வந்த சிற்றன்னை முதலில் அன்பாகவே இருந்தார். தமக்கென ஒரு மகன் பிறந்ததும் அவர் மனம் மாறியது. மகனே என்று அணைத்தவர், அயலாரிடம் பேசுவது போலப் பேசத் தொடங்கினார். தந்தைக்கோ திருச்சபைப் பணிகளே ஓயாத வேலை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அச்சிறுவன் வீட்டுத் தோட்டத்துச் செடிகளோடும் மலர்களோடும் உறவு கொண்டான். தாயின் மடி கிட்டாத குழந்தையை இயற்கை அன்னை ஏற்றுக்கொண்டாள்!

பத்து வயதில் தாய்மாமன் வீடு சென்ற பிறகே அவர் அன்பின் சுவையை அறிந்தார். 1797இல் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். இரண்டு ஆண்டுகள் மரம், செடி, கொடிகளே அவருக்குப் பாடநூல்கள். பின்பு ஜேனா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். கடனை அடைக்க வழியின்றி ஒன்பது வாரம் பல்கலைக் கழகச் சிறையில் வாட நேர்ந்தது. கட்டடக் கலை பயிலும் எண்ணத்துடன் 1805இல் பிராங்க்பர்ட் நகருக்கு வந்தவருக்கு, ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வகுப்பில் நின்ற அன்றே தம் வாழ்வின் வழி இதுதான் என்று உணர்ந்தார். சுவிட்சர்லாந்து சென்று, கல்வி அறிஞர் பெஸ்டலாட்சியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கிக் கற்றார்.

போர்க்களமும் அவரை விட்டு வைக்கவில்லை. 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டராகச் சேர்ந்தார். போர் முடிந்தபின் பெர்லின் அருங்காட்சியகத்தில் கனிமங்களைக் காக்கும் பணி கிடைத்தது. உயிரற்ற படிகமும் ஓர் ஒழுங்கோடு உள்ளிருந்தே உருவாவதைக் கண்டு வியந்தார். குழந்தையும் அவ்வாறே உள்ளிருந்து மலர வேண்டியது என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. அண்ணன் காய்ச்சலில் இறந்து, அவர் பிள்ளைகள் தந்தையற்றவர் ஆனார்கள். அவர்களுக்காக நல்ல வேலையைத் துறந்து, 1816இல் ஐந்தே மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஐவரும் அவருடைய அண்ணன்மாரின் பிள்ளைகளே! மறு ஆண்டு அப்பள்ளி கைல்ஹாவ் என்ற ஊருக்கு மாறியது.

பல ஆண்டுகள் கற்பித்தபின் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. பள்ளிக்கு வரும் முன்பே குழந்தையின் அடித்தளம் அமைந்துவிடுகிறது. அந்தப் பருவத்தைக் கவனிப்பார் இல்லையே என்று வருந்தினார். 55ஆம் வயதில், 1837இல், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார்.

அங்கே குழந்தைகள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி உண்டு. விதைப்பதும் நீர் விடுவதும் அதன் பொறுப்பு. அனைவருக்கும் பொதுவான பாத்திகளும் இருந்தன. தனக்கென உழைக்கவும் பிறரோடு சேர்ந்து உழைக்கவும் மண்ணே கற்பித்தது. மலைநாட்டில் பனி மூடித் தோட்டம் உறங்கும் காலத்திலும் கைகள் உறங்க வேண்டியதில்லை. அறைக்குள் செய்வதற்கு எத்தனையோ வேலைகளை வகுத்தார். வண்ணக் கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். மரத்தாலான உருண்டை, கனசதுரம். எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும் பெரிய கட்டை. இவற்றுக்குக் கொடைகள் என்று பெயர் வைத்தார். காகிதம் மடித்தல், காகிதக் கீற்றுகளைப் பாய் போல் பின்னுதல், அட்டையில் ஊசியால் துளையிட்டு நூல் கோத்தல், களிமண் பிடித்தல் ஆகியன கைவேலைகள். ஊற வைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகினால் வீடும் நாற்காலியும் உருவாகும். பட்டாணி காய்ந்ததும் அவை உறுதியாக நிற்கும்! தாய்மார் வீட்டிலேயே மழலைகளுக்குப் பாடிக் காட்டி, விரல்களால் ஆடிக் காட்ட, படங்களுடன் ஒரு பாட்டு நூலை 1844இல் வெளியிட்டார்.

முதியவர் ஒருவர் கிராமத்துச் சிறுவரோடு கைகோத்து ஆடுவதைக் கண்டு, கிழட்டுப் பைத்தியம் என்று ஊரார் நகைத்தனர். ஆனால் 1849இல் பெர்த்தா என்ற சீமாட்டி அந்த ஆட்டத்துக்குள் இருந்த ஞானத்தைக் கண்டுகொண்டார், அவருடைய சீடரானார். குழந்தைகளைப் பேணப் பெண்களே சிறந்த ஆசிரியைகள் என்று கூறி, இளம் பெண்களுக்குப் புரோபெல் பயிற்சி அளித்தார். பெண்கள் ஆசிரியப் பணிக்கு வருவது அரிதாயிருந்த காலம் அது. இன்று ஆசிரியை ஆகக் கனவு காணும் நாம் அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்!

இந்நிலையில் இடி ஒன்று விழுந்தது. 1851 ஆகஸ்ட் மாதத்தில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அவை நாத்திகத்தைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய அண்ணன் மகன் எழுதிய ஒரு நூலை இவர் கருத்தென்று அரசு தவறாகக் கொண்டுவிட்டது. படைப்பில் எல்லாம் இறைவனைக் கண்ட மனிதர் மீது இப்படியும் ஒரு பழி! அவர் விளக்கிச் சொல்லியும் பயனில்லை. தடை நீங்காமலே, 1852 ஜூன் 21ஆம் நாள், 70ஆம் வயதில் கண் மூடினார். அவர் கல்லறையின் மேல் கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கல்லில் நிற்கின்றன.

விதைத்தவர் மறைந்தாலும் விதை சாகவில்லை. 1860இல் தடை நீங்கியது. பெர்த்தா சீமாட்டியும் பயிற்சி பெற்ற பெண்களும் அவருடைய முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். அமெரிக்காவில் முதல் கிண்டர்கார்டனை 1856இல் தொடங்கியவரும் ஒரு ஜெர்மானியப் பெண்மணியே. உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், தம் தாயார் வாங்கித் தந்த புரோபெல் கட்டைகளோடு விளையாடி வளர்ந்தவர்.

நான்கு காகிதக் கீற்றுகளை மடித்துப் பின்னிச் செய்யும் கிறிஸ்துமஸ் விண்மீன் ஒன்றுக்கு ஜெர்மனியில் அவர் பெயரே வழங்குகிறது. தோழியரே, கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் வீட்டுச் சிறுவர்கள் தொல்லை செய்கிறார்கள் என்று விரட்டாமல், அவர்களை அருகில் அமர்த்தி ஒரு காகித விண்மீன் செய்வோமா? ஒரு தொட்டியில் நான்கு விதைகளை ஊன்றச் சொல்வோமா? அன்புக்கு ஏங்கிய ஒரு சிறுவன், தான் பெறாததை உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்துச் சென்றான். பெற்றிருக்கும் நாம் கொடுக்கத் தயங்கலாமா?

— பத்தாம் வகுப்பு மாணவி